முதலில் கல்லணை... பிறகுதான் பச்சைமலை! - ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் மலையேறும் வழி

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால், கீழே காவிரி, அதைத் தாண்டி ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அதற்கும் அப்பால், வானம் தெளிந்திருக்கும் நாள்களில், நீலக் கோடாக மலைகள் தெரியும். பச்சைமலையும் கொல்லிமலையும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன.

காரில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். ஆனால், அதே மலைக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்ற ஆசை இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். கியர் சைக்கிள் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மலைக்குக் கிளம்பும் அவசரம்தான் ஆபத்து.

நல்லவேளையாக, திருச்சியின் நில அமைப்பே ஒரு பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. கிழக்கே ஆற்றங்கரைச் சமவெளி, தெற்கே பாறைக் குன்றுகள், வடக்கே மலை. இந்த வரிசையில் பழகினால், இரண்டு மூன்று மாதங்களில் ஏற்றம் பயமுறுத்தாது.

முதல் வகுப்பு: கல்லணை

ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்கோவில், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலை, காவிரியின் கரையை ஒட்டியே செல்கிறது. வாழைத் தோட்டங்கள், வயல்கள், சின்னச் சின்ன ஊர்கள். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போகவர 35 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என நான்காகத் தண்ணீர் பிரிவதை நின்று பார்த்துவிட்டு, இளநீர் குடித்துத் திரும்பலாம்.

இந்தப் பாதை கற்றுத்தரும் முதல் பாடம், காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் காற்று, கல்லணைக்குப் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். 'நமக்கு இவ்வளவு தெம்பா!' என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும்போதுதான் கணக்குப் புரியும். அதனால், காற்று பலமாக உள்ள நாளில் எதிர்க்காற்றில் கிளம்பி, காற்றோடு வீடு திரும்புவதே அனுபவஸ்தர்களின் வழக்கம். அப்படிப்பட்ட நாளில் கல்லணையை விட்டுவிட்டு, மேற்கே முக்கொம்புக்குப் போகலாம்.

நான்கைந்து வாரங்கள் இப்படிப் பழகி, இரண்டு மணி நேரம் இறங்காமல் மிதித்தும் மறுநாள் முழங்கால் வலிக்கவில்லை என்றால், அடுத்த வகுப்புக்குப் போகலாம். வலித்தால், பெரும்பாலும் சீட்டின் உயரம் சரியில்லை என்று அர்த்தம். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பு: புதுக்கோட்டைப் பாறைகள்

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைச் சாலையில் கீரனூரைத் தாண்டியதும் நிலம் மாறிவிடும். செம்மண், வறண்ட கண்மாய்கள், நடுநடுவே மொட்டைப் பாறைகள். கீரனூரிலிருந்து நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை என்று ஒரு சுற்று வந்தால், ஒரு நாள் பயணம் நிறைவாக இருக்கும். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போட விரும்பாதவர்கள், கீரனூர் வரை சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்லலாம்.

நார்த்தாமலையில் பாறைமேல் நிற்கும் விஜயாலய சோழீச்சரம், சித்தன்னவாசலில் 9-ம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியம், ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகள், குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. ஒவ்வொரு குன்றுக்கும் நடுவே சாலை மெள்ள ஏறி, மெள்ள இறங்கும். எந்த ஏற்றத்தில் எந்த கியர் என்பதைக் கால் தானாகவே கற்றுக்கொள்வது இங்கேதான்.

இந்த மண்ணில் சைக்கிளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என எல்லோரும் ஏறிப் பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டே சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது.

லேடீஸ் சைக்கிள்கள் போதாமல், ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகவும், கூட்டிப்போக ஒரு ஆண் வருவதற்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமானது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கியர் இல்லாத, கனமான சைக்கிளில் தண்ணீர்க் குடத்தோடு அவர்கள் மிதித்த சாலைகள்தான் இவை. இன்று பொழுதுபோக்குக்காக இந்த வழியே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கொஞ்சம் தெம்பு வரும்.

மூன்றாம் வகுப்பு: பச்சைமலை

ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பர் 1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம், துறையூர். இதுதான் மலைக்கு வழி. திருவெள்ளறையில் கட்டாயம் நிற்க வேண்டும். வெண்பாறைக் குன்றின்மேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில். அருகிலேயே, பல்லவர் காலத்தில் ஸ்வஸ்திக் வடிவில் வெட்டிய கிணறு. நான்கு பக்கமும் படிகள் மடங்கி இறங்கும் அந்த அமைப்பை, அவசரமாகப் போகும் கார்க்காரர்கள் பலரும் தவறவிடுகிறார்கள்.

துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம். அங்கே மலைப்பாதை தொடங்கி, டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுகிறது. பச்சைமலைத் தொடர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 முதல் 1,000 மீட்டர் உயரம் கொண்டது. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. பலாவும் மரவள்ளியும் விளையும் இந்த மலையில், மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது, பழகிய கால்களுக்கே கடினம். முதல் நாள் மாலை துறையூரில் தங்கி, மறுநாள் விடியலில் மலையேறுவது நல்லது. மலையிலேயே தங்க விரும்பினால், முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தில் கியர் என்ன செய்கிறது? பழைய, கியர் இல்லாத சைக்கிளில் மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி சுமார் ஐந்து மீட்டர் நகரும். மலைக்கு ஏற்ற கியர் சைக்கிளில், மிகச் சிறிய கியரில் இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும். வேகம் குறையும், ஆனால், ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் பலமும் பாதிக்குக் கீழே வந்துவிடும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு திக்கினால், இறங்கித் தள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து

மலையேறும்போது விழுந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். இறங்கும்போது அப்படியில்லை. வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 500 மீட்டர் உயரத்தை மெதுவாக இறங்கி முடிப்பதற்குள், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையானதைவிட அதிகமான வெப்பத்தை பிரேக் தாங்க வேண்டியிருக்கும். பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால், சக்கரத்தின் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். அதனால் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். நடுவில் இரண்டு, மூன்று இடங்களில் நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். எதிரே பஸ் வரும் என்று நினைத்துக்கொண்டே, இடது ஓரமாக இறங்க வேண்டும்.

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பச்சைமலையில் நான்கைந்து முறை நிதானமாக இறங்கிப் பழகியவர்களுக்கே அது ஏற்றது.

வெயிலும் உடம்பும்

திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மலைப்பயணம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலை வழுக்கும், கல் உருளும். மார்கழி முதல் மாசி வரைதான் சரியான காலம். அப்போதும் விடியலில் ஏறத் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் அடிவாரம் வந்துவிடுவது பாதுகாப்பு.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம், கடலைமிட்டாய் போதும். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, குமட்டல் வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, மருத்துவ உதவிக்கு 108-ஐ அழைக்க வேண்டும்.

ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் மலையேறக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, நீண்ட நேரம் மிதிக்கும்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். மருந்தின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்; பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்...

* ஹெல்மெட், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு.
* மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், கைப்பம்பு. மலைமேல் சைக்கிள் கடையை எதிர்பார்க்க முடியாது.
* புது பிரேக் கட்டைகள். பழையவை தேய்ந்திருந்தால், கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.
* தனியாகப் போக வேண்டாம். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மலையில் செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.
* கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். மலை மக்களின் பலாவில் கைவைப்பதும், கேட்காமல் அவர்களைப் படம் எடுப்பதும் கூடாது. அங்கேயே டீ குடித்து, அங்கேயே பழம் வாங்கினால், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

இந்த வாரம் பச்சைமலைக்கு நாள் குறிக்க வேண்டாம். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, டயரில் காற்று பார்த்துவிட்டு, கல்லணைச் சாலையில் இறங்கினால் போதும்.