எட்டுக்கு நாலு

காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற வீடுகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று அமெரிக்காவின் கண்ணீர்த்துளி டிரெய்லர். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், உட்காரலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. சமையலறை வண்டியின் பின்கட்டில். சரிந்த மூடியைத் தூக்கி நிறுத்தினால் அதுவே தலைக்கு மேல் கூரை. அதன் கீழே அடுப்பும் அலமாரியும். சமைப்பவர் வெளியே தரையில் நின்றுதான் சமைக்க வேண்டும். அது நல்ல ஏற்பாடும்கூட. அடைத்த சிறு அறைக்குள் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

1930களில் ஓரளவு தச்சுவேலை தெரிந்தவர்கள் இதை வீட்டுக் கொல்லையில் கட்டத் தொடங்கினார்கள். இன்றும் கட்டுகிறார்கள். பசை, ரம்பம், விளக்கு, கார், சாலை எல்லாமே மாறிவிட்டன. அளவு மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது: அகலம் நாலடி, நீளம் எட்டடி, உயரம் நாலடி.

அதற்குக் காரணம் பிளைவுட் பலகை. 1928ல்தான் அமெரிக்காவில் எட்டுக்கு நாலு என்ற அளவில் பிளைவுட் சந்தைக்கு வந்தது. இரண்டு பலகை எடுத்தால் இரண்டு பக்கச் சுவர். இன்னொன்று போட்டால் தரை. ஒட்டுப்போட வேண்டாம், துண்டும் அதிகம் மிஞ்சாது. ஆனால் அன்றைய பிளைவுட்டை வெளியில் நம்பி வைக்க முடியாது. சோயா மாவிலும் மாட்டு ரத்தத்திலும் செய்த பசைகள் மழையில் ஊறினால் பலகை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். 1934ல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின் தண்ணீருக்கு அசையாத பசையைக் கண்டுபிடித்தார். மழையில் நிற்கும் வண்டியைச் சாதாரண ஆள் கட்ட முடிந்ததற்கு அந்தப் பசைக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

அது 1929க்குப் பிந்தைய பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். ஓட்டல் அறைக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களிடமும் ஒரு பழைய கார் இருந்தது. பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் வரைபடத்தோடு செய்முறை வெளியிட்டன. அடிச்சட்டத்துக்குக் கழித்துக்கட்டிய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களின் அச்சு போதும். அதில் ஒரு தொல்லை இருந்தது. முழுக் காரைத் தாங்கச் செய்த ஸ்பிரிங், 400 கிலோ வண்டிக்கு விறைப்பாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி துள்ளும். ஸ்பிரிங்கின் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி எடுத்துப் பதம் பார்ப்பார்கள். இன்று அந்தத் தலைவலி இல்லை. போல்ட் போட்டு முடுக்கினால் தயாராகிவிடும் எட்டுக்கு நாலு சட்டம் கடையிலேயே கிடைக்கிறது. இன்னும் கொஞ்சம் செலவழித்தால், எடைக்கேற்ற ரப்பர் உள்ளடங்கிய டார்ஷன் அச்சு வாங்கலாம்.

போர் வந்தது; 1942ல் டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. ஊர் சுற்றுவது நின்றது. போர் முடிந்ததும் விமானங்களுக்கென்று உருட்டிய அலுமினியத் தகடு மிச்சமாகச் சந்தையில் குவிந்தது. வீடு திரும்பிய இளைஞர்களுக்கு ஊர் பார்க்கும் ஆசையும் இருந்தது. கலிஃபோர்னியாவில் சிறு பட்டறைகள் இந்த வண்டிகளைத் தொழிலாகவே செய்து விற்றன. 1947 செப்டம்பரில் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் வெளியிட்ட வரைபடம் இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கிறது. எண்பது ஆண்டை நெருங்கும் அந்தப் படத்தை அப்படியே பின்பற்றிக் கட்டுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

வேலையில் மனத்தைக் கவரும் இடம், பக்கச் சுவரின் வளைவை வரைவது. பலகையில் ஏழெட்டு ஆணி அடித்து, அவற்றின்மேல் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துப் படியவைத்து, அதன் ஓரமாகப் பென்சிலை ஓட்டுவார்கள். மரம் தானாக வளையும் வளைவு கண்ணுக்கு உறுத்தாது. அன்று அந்தக் கோட்டைப் பலரும் கையால் அறுத்தார்கள். 1946ல் ஆல்பர்ட் காஃப்மன் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றி அங்கே ரம்ப அலகை மாட்டிப் பார்த்தாராம். கையில் பிடிக்கும் ஜிக்ஸா அப்படித்தான் பிறந்தது என்பார்கள். இன்று அதே வளைவைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் வெட்டியே வாங்கலாம். ஆனாலும் இரண்டு பலகையையும் ஒன்றாகக் கவ்வி, சேர்த்து அறுத்து, ஓரத்தைச் சேர்த்தே தேய்த்தெடுக்கும் பழைய முறைதான் எனக்குப் பிடித்தது. கைநடுக்கம் இருந்தாலும் இரண்டு சுவரிலும் ஒரே மாதிரி விழும், கூரை கோணாது.

தண்ணீரோடு நடக்கும் சண்டை அன்றும் இன்றும் ஒன்றே. பின்மூடியின் கீல் இருக்கும் இடத்தில்தான் முதலில் ஒழுகும். அன்று நீளக் கீல் அடித்து அதன்மேல் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். ரப்பர் வெயிலில் வெடித்ததும் மழை உள்ளே வந்தது. இன்று ஒன்றுக்குள் ஒன்று உருண்டு பொருந்தும் அலுமினியக் கீல் முழு அகலத்துக்கும் ஒரே துண்டாக வருகிறது. ஓரச்சட்டத்தின் அடியில் அன்று புட்டி; இன்று இறுகிப்போகாத பியூட்டைல் நாடா. மரத்தின் வெட்டுமுனைகளுக்கு எபாக்ஸி. இருந்தும் திருகு போட்ட ஒரு துளையை அடைக்க மறந்தால், இரண்டு மழைக்காலத்தில் உள்ளே மரம் உளுத்துவிடும்.

எனக்கு வியப்பாக இருப்பது, சிலர் பிளைவுட்டையே விட்டுவிட்டு நுரைப்பலகையில் கட்டுவது. வீட்டுச் சுவரில் வெப்பம் காக்கப் பதிக்கும் கெட்டி நுரையை வெட்டி ஒட்டி, மேலே கான்வாஸ் துணியை மரப்பசையால் போர்த்தி, பெயின்ட்டைப் பல பூச்சாகப் பூசுகிறார்கள். எடை வெகுவாகக் குறைகிறது, குளிரும் தாக்காது. துணிமேல் பெயின்ட் என்பது பழைய வித்தைதான். அந்தக் காலத்து மரப்படகின் மேல்தளமும் ரயில்பெட்டியின் கூரையும் அப்படிச் செய்தவையே.

நடுவே இந்த வண்டி ஏறக்குறைய மறைந்துபோன காலமும் உண்டு. 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் அகலச் சாலைகள் வந்தன, கார்கள் பெருத்தன, பெட்ரோல் மலிவாக இருந்தது. நின்று நடமாடும் அளவுக்குப் பெரிய டிரெய்லர்களை மக்கள் வாங்கினார்கள். 1966ல் ஐயோவாவின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் வீட்டையே தயாரித்து இறக்கியது. துளி வண்டிகள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. 1990களுக்குப் பிறகு இணையத்தில் பழைய வரைபடங்கள் பரவியபோது மீண்டும் எழுந்தன. 2020ன் பெருந்தொற்று, வீட்டில் அடைபட்டவர்களைக் காட்டுப்பக்கம் துரத்தியது. 2021ல் அமெரிக்காவில் மரவிலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனபோதும் கட்டினார்கள்.

இன்றைய வண்டிக்குள் வந்திருக்கும் சுகங்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்று கார் பேட்டரியிலிருந்து ஒரு வயர், ஒரு பல்பு, ஒரு பனிக்கட்டிப் பெட்டி. இன்று கூரையில் சோலார் தகடு, கூரை மின்விசிறி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 30 கிலோவை நெருங்கும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் பாதிக்கும் குறைவு. கூரை விசிறி அவசியமும்கூட. இரண்டு பேரின் மூச்சுக்காற்று இரவெல்லாம் சுவரில் நீராய்க் கோக்கும்.

குறை எடையில்தான். ஃபிரிட்ஜுக்கு ஒரு இழுப்பறை, கூரைமேல் கூடாரம், பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி என்று சேர்ந்துகொண்டே போகிறது. துளி என்ற பெயரில் இன்று தொழிற்சாலைகள் விற்கும் சில வண்டிகள் ஒரு டன்னைத் தாண்டுகின்றன. அவற்றை இழுக்கப் பெரிய கார் வேண்டும். சிறிய காரே இழுக்கட்டும் என்று பிறந்த வண்டி இது. காரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, காற்றை அதிகம் வாங்காமல் வருவது இதன் பலம். மின்சாரக் காரில் போகிறவர்களுக்கு இன்று அந்தப் பலம் முன்னெப்போதையும்விட முக்கியம். உயரமான டிரெய்லரைக் கட்டி இழுத்தால் சார்ஜ் பாதி வழியிலேயே தீரும்.

எடையின் அளவைப்போலவே அது விழும் இடமும் உயிர்ப் பிரச்சினை. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதில் காரின் கொக்கி. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஏர்க்கால் வழியாகக் கொக்கியில் அழுந்த வேண்டும். பின்கட்டில் பாத்திரமும் தண்ணீரும் ஏற ஏற அந்த முன்பாரம் குறையும். வேகம் கூடும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும், காரையும் சேர்த்துப் புரட்டும். மெதுவாக ஓடிய அன்றைய சாலைகள் இந்தத் தவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இன்றைய சாலைகள் பொறுக்காது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் இதைக் கட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சு, சக்கரம், கொக்கி, பின்விளக்கு இவற்றைப் புதிதாக வாங்குங்கள். மற்றதில் சிக்கனம் பாருங்கள். கையால் கட்டிய டிரெய்லரைப் பதிவு செய்யும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பலகை வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி முடித்ததும் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். முன்பாரம் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் சாமானை மாற்றி அடுக்குங்கள். அது சரியாகும்வரை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.