வீட்டு வண்டிப் பயணமும் பிறிஜ் படுத்திய பாடும்

கோடை வந்துவிட்டால் நம்மவர்களிடையே இப்போது ஒரு புதுப் பழக்கம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து காசு போட்டு, ஆர்.வி. என்று சொல்லப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து நாலு நாள் சுற்றப் போகிறோம். ஹொட்டேல் செலவு மிச்சம். புட்டும் சம்பலும் கையோடு வரும். பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

அந்த வண்டிக்குள் இருக்கும் பிறிஜ் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரில் ஓ.எல். உடன் படிப்பு நின்றுவிட்டது. இங்கே ஸ்காபரோவில், வாகனங்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆனாலும் இந்தப் பிறிஜ் எனக்கு ஒரு பாடம் படிப்பித்தது. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் தலையாட்டிய கதை

வண்டியைத் தந்தவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டினார். பிறிஜ்ஜில் ஏ.சி., டி.சி., காஸ் என்று மூன்று பொத்தான்கள். அவர் வேகமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். பாதி விளங்கவில்லை. பின்னால் இன்னொரு குடும்பம் காத்து நின்றது. வெட்கத்தில், விளங்கியவன் போலத் தலையாட்டிவிட்டேன்.

வேலை முடித்து வந்து நித்திரை கொண்டு எழும்பி, சனிக்கிழமை காலை சாமான்களை அடுக்கினோம். இறைச்சி, பால், தயிர், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் இன்சுலின். பிறிஜ்ஜை டி.சி.யில் போட்டுவிட்டுப் புறப்பட்டோம். ரொறன்ரோவிலிருந்து ரொபமோரி ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அங்கே போய் வண்டியை நிறுத்திவிட்டு, படகேறி பிளவர்பொட் தீவு பார்க்கப் போனோம். ஆறு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் வண்டிக்குள் விளக்கு எரியவில்லை. பிறிஜ்ஜுக்குள் பால் இளஞ்சூடு. காஸுக்கு மாற்றிப் பார்த்தேன், அதுவும் பற்றவில்லை. எஞ்சின் மட்டும் சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது!

அம்மா இன்சுலின் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

சூட்டிலிருந்து குளிர்

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் இந்தப் பிறிஜ் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். வீட்டுப் பிறிஜ்ஜில் கொம்பிறசர் சுற்றும். பெரும்பாலான வீட்டு வண்டிப் பிறிஜ்களில் அது இல்லை. தண்ணீரில் கரைந்த அமோனியாவைச் சூடாக்குவார்கள். அமோனியா ஆவியாகி மேலே போய், பின்பக்கக் குழாய்களில் ஆறித் திரவமாகும். அது பிறிஜ்ஜுக்குள் இறங்கி, அங்கே ஐதரசனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். பிறகு மீண்டும் தண்ணீரில் கரையும். சுவீடன் நாட்டில் பிளாற்றன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922ஆம் ஆண்டு கண்டுபிடித்த முறை இது.

இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். "உது எங்கட ஊர் மண்ணெண்ணெய்ப் பிறிஜ் மாதிரியெல்லோ தம்பி! கரண்ட் இல்லாத காலத்திலை ஆஸ்பத்திரியிலை கண்டிருக்கிறன். கீழே விளக்கு எரியும், மேலே ஐஸ் கட்டும்." சரியாகச் சொன்னார். அங்கே மண்ணெண்ணெய்ச் சுடர், இங்கே காஸ் சுடர் அல்லது கரண்ட் சூடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று வழிகள்

1. ஏ.சி.: முகாம் இடத்திலோ வீட்டிலோ 120 வோல்ட் கரண்டில் செருகுவது. வசதி இருந்தால் இதுவே நல்லது.

2. காஸ்: புறொப்பேன் சுடர். மிகச் சிக்கனம். 20 இறாத்தல் சிலிண்டர் ஒன்று பிறிஜ்ஜுக்கு மட்டும் என்றால் பத்து நாளுக்கு மேலேயே வரும்.

3. டி.சி.: 12 வோல்ட் பற்றரி. என்னை ஏமாற்றியது இதுதான். கரண்டைக் கொண்டு சூடாக்குவதற்கு ஏறக்குறைய 15 அம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது ஓல்ற்றனேற்றர் அதைக் கொடுக்கும். நிறுத்தினால் பற்றரிதான் கொடுக்க வேண்டும். 100 அம்பியர் மணி கொண்ட சாதாரண ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம். 50ஐ 15ஆல் பிரித்துப் பாருங்கள், மூன்று மணித்தியாலம் சொச்சம். நான் ஆறு மணித்தியாலம் விட்டிருந்தேன்.

எஞ்சினுக்கு வேறு பற்றரி, வீட்டுப் பகுதிக்கு வேறு பற்றரி. அதனால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. காஸ் ஏன் பற்றவில்லை? காஸில் ஓடினாலும், சுடரைப் பற்றவைத்துக் கண்காணிக்கும் சிறிய மின்பலகைக்கு 12 வோல்ட் வேண்டும். பற்றரி செத்தால் காஸும் இல்லை. இதைப் பலர் அறிவதில்லை.

வயரோடு வேலை செய்பவன் என்ற முறையில் இன்னுமொன்று சொல்கிறேன். நீளமான மெல்லிய வயரில் வோல்ட் விழும். 12 வோல்ட் 10 ஆக விழுந்தால் சூடு முப்பது வீதம் குறைந்துவிடும். ஆகவே டி.சி. என்பது ஏற்கெனவே குளிர்ந்ததைக் காப்பாற்றுவதற்குத்தான். சூடான சாமான்களைக் குளிராக்க அதை நம்பவேண்டாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் 12 வோல்ட் கொம்பிறசர் பிறிஜ் வருகிறது. அது ஓடும்போது 4, 5 அம்பியர்தான் இழுக்கும், விட்டுவிட்டுத்தான் ஓடும். அதோடு கூரையில் சூரியத் தகடும் இருந்தால் பகலில் கவலை குறைவு. ஆனால் அதற்குக் காஸ் வழி கிடையாது.

எப்போது எதைப் போடுவது?

புறப்படும் முன்: முதல் நாள் மாலையே வண்டியை வீட்டுக் கரண்டில் செருகிப் பிறிஜ்ஜைப் போடுங்கள். இது குளிர ஓர் இரவு எடுக்கும். சாமான்களையும் வீட்டுப் பிறிஜ்ஜில் குளிர வைத்தே அடுக்குங்கள். உறைந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டு வையுங்கள்.

ஓடும்போது: டி.சி. சிலர் காஸில் விட்டபடியே ஓட்டுகிறார்கள். விபத்தில் குழாய் முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நான் விடுவதில்லை. டி.சி. இல்லாத வண்டியென்றால் சிலிண்டரைப் பூட்டிவிட்டுக் கதவைத் திறக்காமல் ஓடுங்கள். சில மணித்தியாலம் தாங்கும்.

பெற்றோல் நிலையத்தில்: உள்ளே திரும்பும் முன்பே காஸ் சுடரை அணைத்துவிடுங்கள்.

நிறுத்தியதும்: உடனே டி.சி.யிலிருந்து காஸுக்கு அல்லது ஏ.சி.க்கு மாற்றுங்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும். சரிவில் நின்றால் உள்ளே திரவம் ஓடாமல் தேங்கி, குழாய் அளவுக்கு மேல் சூடாகிப் பழுதாகும்.

கப்பலில்: ரொபமோரியிலிருந்து மனிற்றூலின் தீவுக்கு ஓடும் சீச்சீமோன் கப்பலில் மறுநாள் ஏறினோம். சிலிண்டரை மூடச் சொன்னார்கள். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பயணம். கதவைத் திறக்காமல் விட்டோம், ஒன்றும் ஆகவில்லை.

கடுமையான அமோனியா மணம் வந்தால் பிறிஜ்ஜை நிறுத்தி, எல்லோரையும் வெளியே இறக்கிவிடுங்கள். காஸ், கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள்.

இன்சுலின் என்ன ஆனது?

அன்று மாலை ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கேட்டார். "பயப்படாதேங்கோ. அம்மா பாவிக்கிற வகை அறைச் சூட்டிலை 28 நாள் இருக்கலாம். இண்டைக்கே திகதியை எழுதி வையுங்கோ. ஆனால் ஐஸிலை மட்டும் படவிடாதேங்கோ, உறைஞ்சால் எறியவேண்டியதுதான்" என்றார். வகைக்கு வகை நாட்கணக்கு மாறும். உங்கள் மருந்தோடு வரும் தாளைப் பாருங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். பிறிஜ்ஜில் குளிர்த்தகட்டோடு ஒட்டி வைக்காதீர்கள்.

அன்றிரவு முகாம் இடத்தில் கரண்ட் கிடைத்தது. பிறிஜ் ஒழுங்காகக் குளிர விடிந்துவிட்டது. இறைச்சியை எறிந்தோம். 30 டொலர் வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். சாப்பாட்டுக்கு 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. மருந்துக்கு இப்போது தனியாக ஒரு சிறு குளிர்ப்பை. ஒரே பிறிஜ்ஜை நம்பி இன்சுலினை விடுவதில்லை.

வாடகைக்கு எடுக்கும்போது கேளுங்கள்

இந்தப் பிறிஜ்ஜுக்கு எத்தனை வழி? தானாக மாறுமா, நான் மாற்ற வேண்டுமா? பற்றரி எத்தனை அம்பியர் மணி? காஸ் எங்கே பூட்டுவது? சமமாக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விளங்காவிட்டால் "மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் நிற்கும் குடும்பம் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளும்.

இந்த நாட்டில் புதிதாக வந்த நாம் எத்தனையோ இடத்தில் தலையாட்டிவிட்டு வருகிறோம். வங்கியில், பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம். நானும் ஆட்டினேன். இந்த முறை போனது கொஞ்ச இறைச்சியும் ஒரு நாள் நிம்மதியும் மட்டுமே. அடுத்த கோடைக்கு அதே வண்டிக்காரரிடம் போனேன். "எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அரை மணித்தியாலம் நின்று காட்டினார்.