விழுந்த குஞ்சா, இறங்கிய குஞ்சா?

மைனாக் குஞ்சு ஒன்று தெருவில் விழுந்து கிடந்ததாம். பையன் எடுத்து வந்து இங்க் ஃபில்லரில் பால் புகட்டியிருக்கிறான், செத்துப்போனது. ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார் மதுரை வாசகி ஒருவர்.

அது விழுந்தே இருக்காது. உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாகத் தத்தித் திரிகிறதென்றால், கூட்டைவிட்டுத் தானே இறங்கிவிட்ட குஞ்சு. மைனா, காகமெல்லாம் பறத்தல் அரைகுறையாக இருக்கும்போதே வெளியே வந்துவிடும். பிறகும் சில வாரம் தாயும் தகப்பனும் தேடி வந்து ஊட்டும். நாம் நிற்பதால்தான் எட்ட உட்கார்ந்து கத்துகின்றன.

இந்தச் சலுகை உழவாரன் என்ற பறவைக்குக் கிடையாது. ஐரோப்பாவில் கட்டட இடுக்குகளில் வளரும் உழவாரன் குஞ்சு கூட்டைவிட்டுப் பாய்ந்தால், அப்புறம் ஊட்ட ஆளில்லை. ஆப்பிரிக்கா வரை தானே போய்ச் சேர வேண்டும். அதனால் பயிற்சியெல்லாம் கூட்டுக்குள்தான். இறக்கைகளைக் கீழே ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கும். அசல் தண்டால்! ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகக் கோபுரத்தில் இப்பறவைகளைக் கவனித்த டேவிட் லாக் 1956இல் ஒரு புத்தகமே எழுதினார்.

எனக்குத் தண்டாலைவிட எடை விஷயம்தான் தீராத வியப்பு. ஒரு கட்டத்தில் குஞ்சு பெற்றோரைவிடக் கனத்துப்போகும். கடைசி நாள்களில் இளைக்கத் தொடங்கும். எங்கள் ஊர்க் கபடிப் பையன்கள் எடைப் பிரிவுப் போட்டிக்கு முன் ராச்சோற்றைக் குறைப்பார்களே, அந்தக் கதைதான். 2006இல் வெளியான ஆய்வொன்றில், குஞ்சுகள்மீது சிறு எடையை ஏற்றிப் பார்த்தார்கள். அவை கூடுதலாக இளைத்து, இறக்கைக்கும் கனத்துக்குமான கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டுதான் கிளம்பின. அந்தக் கணக்குப் பிடிபடுவது தண்டால் எடுக்கும்போதுதான் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

மதுரைப் பையனின் இரக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் ஃபில்லரில் பீய்ச்சுவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் வெறும் கதை. பூனையோ வண்டியோ வரும் இடமானால் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடலாம். செடி இருந்தால்! மதிலிலிருந்து மதில்வரை சிமென்ட் போட்டுவிட்டு, குஞ்சு நடுத்தெருவில் நிற்கிறதே என்று பதறுகிறோம்.

இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். உழவாரன் தரையில் கிடந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். குட்டைக் காலோடு அதனால் எளிதில் எழும்ப முடியாது. காற்றில் வீசிப் பார்க்காமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.