தகட்டின் மேல் ஒரு பலகை

சக்கரம் வைத்த டூல் டிராலி வாங்குபவர் அதன் டிராயர்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார். ஒரு மாதம் போனால் பட்டறையில் அதிகம் புழங்கும் இடம் டிராலியின் தலைப்பகுதியாகிவிடுகிறது. கழற்றிய கார்புரேட்டரை வைப்பது அங்கே, போல்ட்டுகளை வரிசையாகப் பரப்புவது அங்கே, அவசரத்துக்கு வளைந்த கம்பியை நிமிர்த்தத் தட்டுவதும் அங்கேயே. அந்த இடமோ ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னான இரும்புத் தகடு. தட்டினால் தமுக்குப்போல அதிர்கிறது. கனமாக ஏதாவது விழுந்தால் குழிகிறது. எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் வைத்த பொருள் வழுக்கிக்கொண்டு போகிறது. அதன்மேல் மரப்பலகை பொருத்துவதைப் பலர் அழகுக்கான வேலையாக நினைக்கிறார்கள். டிராலியை முழுமையாக்கும் வேலை அது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பலகை அடிபடவும் தேயவும்தான் அங்கே போகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மரத்தைத் தேர்வதிலிருந்து திருகு போடுவதுவரை எல்லாம் சரியாக அமையும்.

வேலை செய்யும் பரப்பு, வேலைப்பொருளையும் கருவியையும்விட மென்மையாக இருக்க வேண்டும். இரண்டு மோதும்போது எது தோற்க வேண்டும் என்பதே கேள்வி. தீட்டிய உளி இரும்பில் பட்டால் விளிம்பு சிதறும். அரம் இரும்பில் உரசிக் கிடந்தால் அதன் பற்கள் மழுங்கும். மரத்தில் பட்டால் மரத்தில்தான் தழும்பு விழும். வைஸில் மெருகேற்றிய பொருளைப் பிடிக்கும்போது செம்பு அல்லது அலுமினியத் தகட்டை மடித்து அதன் வாயில் மாட்டுகிறார்களே, அதே கணக்கு. அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1906-இல் தொடங்கிய கெர்ஸ்ட்னர் நிறுவனம், இரும்பைக் கடைபவர்களுக்காகவே மரப்பெட்டிகள் செய்து பெயர்பெற்றது. மைக்ரோமீட்டர் போன்ற நுண்ணளவைக் கருவிகள் படுப்பதற்காக அவற்றின் டிராயர்களில் கம்பளித்துணி ஒட்டியிருக்கும். நம் ஊர்க் கசாப்புக் கடையின் புளியமரக் கட்டையும் இதைத்தான் செய்கிறது. கத்தியின் கூர் போகாதபடி வெட்டையெல்லாம் தான் வாங்கிக்கொள்கிறது.

தேய்வதற்கான பலகை என்றால் அதற்குத் தேக்கு எதற்கு? வைரம் பாய்ந்த தேக்கு கிடைத்தால் அதைக் கதவுக்கோ கட்டிலுக்கோ வைத்துக்கொள்ளலாம். டிராலிக்கு நல்ல பிளைவுட்டே போதும். இந்தியத் தர நிர்ணயத்தில் 710 என்ற எண் பெற்ற கடல்தர பிளைவுட்கூடத் தேவையில்லை. தண்ணீர் பட்டால் உப்பிப்போகும் எம்.டி.எஃப் பலகையை மட்டும் தவிர்க்க வேண்டும். 18 மி.மீ. பலகைகள் இரண்டைப் பசை தடவி ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. கிடைக்கும். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால், ஒட்டிய இரட்டைப் பலகை ஒற்றைப் பலகையைப்போல் எட்டு மடங்கு வளையாமல் நிற்கும். பசையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்தால் இரண்டு மடங்குதான். பசைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முழுமரம்தான் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம், பலகையும் தகடும் சேரும் இடம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 11 சதவீதம் நீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது 80 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால் மரத்தின் நீர் மெல்ல 16 சதவீதம்வரை ஏறும். அந்த ஐந்து புள்ளி ஏற்றத்துக்கு, தட்டையாக அறுத்த 450 மி.மீ. அகலத் தேக்குப் பலகை ஏறத்தாழ 4 மி.மீ. விரியும். தேக்கு குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. மற்றவை பலவும் இதைவிட அதிகம் விரியும். அடியில் இருக்கும் இரும்போ 20 பாகை வெப்பம் கூடினாலும் அதே அகலத்தில் 0.1 மி.மீ.தான் நகரும். இரண்டையும் அசையாமல் திருகி முடுக்கினால் பலகை நடுவில் மேடிடும், அல்லது கோடையில் சுருங்கும்போது ரேகையோடு பிளக்கும். இதற்கு மரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ரேகையின் நீளப்போக்கில் மரம் அநேகமாக அசைவதே இல்லை, குறுக்கேதான் அசைகிறது. ஆகவே தகட்டில் நடுவரிசைத் துளைகளை மட்டும் வட்டமாக விட்டு, முன்னும் பின்னும் உள்ள துளைகளை அகலவாக்கில் நீளத் துளைகளாக்கி, பெரிய வாஷர் போட்டு அடியிலிருந்து திருகினால் பலகை தன் இடத்திலிருந்தபடியே விரிந்து சுருங்கும். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இந்தக் கவலை மிகக் குறைவு. எந்தப் பலகையானாலும் துளையிடுவதற்கு முன் மேல் டிராயரை முழுதும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். வழுக்கலும் கீறலும் அதோடு தீரும்தான். ஆனால் அடியில் இருப்பது அதே மெல்லிய தகடு; சுத்தியலடி அதைக் குழித்துவிடும், கிளாம்ப் பிடிக்க விளிம்பும் கிடைக்காது. தீப்பிடிக்குமே என்பது இதைவிட வலுவான கேள்வி. வெல்டிங் பொறி விழும் இடத்தில் மரப்பலகை கூடவே கூடாது. அங்கே இரும்புதான் சரி. கனம் கூடி டிராலி கவிழாதா? ஒரு மீட்டர் நீளம், 450 மி.மீ. அகலத்துக்கு 36 மி.மீ. பலகை பத்து, பதினோரு கிலோதான் வரும். கனமான கருவிகளைக் கீழ் டிராயர்களில் வைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை. பல டிராயர்களை ஒரே நேரத்தில் இழுத்து வைப்பதும், பலகையை முன்பக்கம் அதிகமாக நீட்டுவதும்தான் ஆபத்து. மிச்சமிருப்பது சக்கர ஆட்டம். பூட்டிய சக்கரமும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பலகை அதைப் போக்காது. அரம் போடும் வேலை வந்தால் டிராலியைச் சுவரோடு அணைத்து நிறுத்த வேண்டும். வைஸ் மாட்டுபவர்கள் அதை மூலையில், சக்கரத்துக்கு நேர்மேலே மாட்டினால் ஆட்டம் குறையும். உயரத்தையும் பார்க்க வேண்டும்: வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் ஃபிட்டர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஏற்கெனவே உயரமான டிராலியில் பலகையும் வைஸும் ஏறினால் அந்த அளவு தாண்டிவிடும்.

மெருகு பூசும்போதும் தேய்மானத்தையே மனதில் வைக்க வேண்டும். கண்ணாடிபோல மின்னும் கெட்டியான வார்னிஷ் முதல் ஸ்பேனர் விழுந்ததும் சில்லு பெயரும். பிறகு முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தேய்த்திருந்தால், கெட்ட இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி எண்ணெய் விடலாம். மேல்பக்கத்துக்கு மட்டும் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் இருபக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் இழுத்துப் பலகை வளையும். ஆகவே பொருத்துவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நான்கு விளிம்பும் பூசிவிட வேண்டும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் நெருப்பு வைக்காமலே அது பற்றிக்கொள்ளும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துப் போட்டு, மொடமொடவென்று காய்ந்த பிறகுதான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.