சரிவில் டிராக்டர் ஏன் கவிழ்கிறது? கவிழாததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் சரிவுகளில் புல் அறுக்கும் ஏபி டெர்ராட்ராக் வண்டிக்கு உயரம் குறைவு, அகலம் அதிகம். ஏன் அப்படி?

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து மேட்டில் ஏறிவிடலாம். அதையே தலையில் வைத்தால் லேசான சாய்வுக்கே தள்ளாடும். டிராக்டரிலும் அதே கதைதான். அதன் மொத்த எடையும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் சக்கரங்களுக்கு நடுவே விழும்வரை பயமில்லை. பள்ளத்துப் பக்கச் சக்கரத்தைத் தாண்டியதும் வண்டி புரண்டுவிடும். எடை தாழ்ந்தும் சக்கரங்கள் அகன்றும் இருந்தால் நூல் அவ்வளவு எளிதில் தாண்டாது.

கரடுமுரடான நிலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். மேட்டுப் பக்கச் சக்கரம் கல்லில் ஏற, கீழ்ச் சக்கரம் குழியில் இறங்கினால், மிதமான சரிவும் வண்டியைக் கவிழ்க்கும். டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடர் வாளியை மண்ணோடு உயர்த்தினீர்களா? எடை மேலே போய்விட்டது. வாளி தரையை ஒட்டியே இருக்கட்டும்.

ஆகவே வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். பின்சக்கரங்களை அகட்டி வைக்க முடியுமா, டயரில் நீர் நிரப்பி எடையைக் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள். நான்கு சக்கர இழுவை அவசியம். காரணம், பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. இறக்கத்தில் எடை முன்னால் சாய, அவை வழுக்கும். நான்கு சக்கரங்களும் இழுவையில் இணைந்திருந்தால் முன்சக்கரங்களும் வேகத்தைப் பிடிக்கும்.

வண்டி புரண்டால் ஓட்டுநர் நசுங்காமல் காக்க, இருக்கையருகே நிற்கும் எஃகு வளைவு உள்ளதா என்றும் பாருங்கள். ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு இதுபோன்ற பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. கூடவே சீட் பெல்ட்டும் வேண்டும். போடாதவர் வண்டி புரளும்போது வெளியே விழுந்து அதனடியிலேயே சிக்கக்கூடும்.