சமையல் சோடா

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் என்னும் வெண்ணிறத் தூள். சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் என்பதும் இதுவே. மளிகைக் கடையில் ஆப்ப சோடா, சோடா உப்பு என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். நீரில் கரைந்தால் மென்காரத் தன்மை காட்டும். சலவை சோடா சோடியம் கார்பனேட். காஸ்டிக் சோடா சோடியம் ஹைட்ராக்சைடு. பெயரில் சோடா இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. காஸ்டிக் சோடா தோலையே அரித்துவிடும்.

மாவு உப்புவதற்குக் காரணம் சோடாவிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு வாயு. அது இரு வழிகளில் வெளிவரும். சமையலில் பலரும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

முதல் வழி வெப்பம். 168 கிராம் சோடாவை முழுமையாகச் சிதையும்வரை சூடாக்கினால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 18 கிராம் நீராவியும் வெளியேறும். எஞ்சும் 106 கிராம் என்ன? நீரற்ற சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடாவின் உலர்ந்த வடிவம்!

இரண்டாம் வழி அமிலம். அதே 168 கிராம் போதிய அமிலத்துடன் வினைபுரிந்தால் 88 கிராம் வாயு கிடைக்கும். இரு மடங்கு. சோடியம் கார்பனேட்டும் எஞ்சாது.

புளித்த ஆப்ப மாவில் லாக்டிக் அமிலம் இருப்பதால் ஒரு சிட்டிகை சோடாவே போதுமானது. புளிக்காத பஜ்ஜி மாவில் சோடாவை அள்ளிப் போட்டால் சோப்புச் சுவை வருவதும், மஞ்சள்தூள் கலந்த மாவில் செந்நிறப் புள்ளிகள் தோன்றுவதும் மிஞ்சிய காரத்தால்தான். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சளைக் காட்டியாகப் பயன்படுத்திய மாணவர்களுக்கு இது புதிதல்ல. அத்தகைய மாவில் சிறிது தயிர் சேர்ப்பது நல்லது. பேக்கிங் பவுடரில் சோடாவுடன் உலர்ந்த அமிலப் பொருளும் ஸ்டார்ச்சும் ஏற்கெனவே கலந்திருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் மாற்றிப் போட முடியாது.

கொண்டைக்கடலை விரைவில் வேகச் சோடா சேர்ப்பதுண்டு. காரம் செல்சுவரை இளக்குவதால் கடலை மென்மையாகும். ஆனால் தயமின் என்னும் வைட்டமின் பி1 அழியும். இரவு முழுவதும் ஊறவைத்தால் சோடாவே தேவைப்படாது.

வினிகரையும் சோடாவையும் கலந்து பாத்திரம் துலக்கும் முறை இப்போது பரவலாக உள்ளது. நுரை பொங்குவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். பின்பு எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிட்டேட் கலந்த நீர். தனித்தனியே பயன்படுத்தினால் பலன் அதிகம்.

நெஞ்செரிச்சலுக்குச் சோடா கரைத்துக் குடிப்பவர்கள் ஒரு கணக்கை அறிய வேண்டும். அது இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்குவது உண்மை. ஏப்பமாக வருவது அப்போது உண்டாகும் வாயு. ஆனால் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம் சோடாவில் ஏறத்தாழ 1.4 கிராம் சோடியம் உள்ளது. வயது வந்தவருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் நாளொன்றின் மேல்வரம்பே 2 கிராம்தான். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது.

ஈரக்காற்று படாமல் மூடிவைத்தால் சோடா நெடுநாள் கெடாது. ஐயமிருந்தால் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். உடனே நுரைத்தால் பயன்படுத்தலாம்.