அட்டையும் உரிமையும்

சிறுசேரியில் எங்கள் அடுத்த தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவர். ஒரு மாத விடுமுறையில் பெற்றோரைக் காண வந்திருந்தார். மாமல்லபுரம் சென்று திரும்புகையில், பேருந்தில் அவருடைய பணப்பை களவு போயிற்று. பணத்தை அவர் பெரிதாக எண்ணவில்லை. "கிரீன் கார்டு போய்விட்டதே, ஐயா! இனி அங்கே எப்படிப் போவேன்?" என்று என்னிடம் கலங்கினார்.

பட்டச் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டால் பட்டமே போய்விடுமா? போகாது, பல்கலைக்கழகத்தின் ஏட்டில் பெயர் இருக்கிறது. அவ்வாறே, அட்டை என்பது உரிமைக்குச் சான்றேயன்றி உரிமையாகாது.

எனினும், சான்றில்லாத பயணியை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனத்திற்கு அமெரிக்க அரசு அபராதம் விதிக்கும். ஆகவே அவர்கள் ஏற்ற மறுப்பார்கள். அதற்கும் வழியுண்டு. முதலில் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலைப் பெறவேண்டும். அந்நாட்டைவிட்டு வந்து ஓராண்டுக்கு உட்பட்டிருந்தால், ஐ-131ஏ என்னும் விண்ணப்பத்திற்குரிய கட்டணத்தை இணையத்தில் செலுத்தி, அமெரிக்கத் தூதரக அலுவலகத்திற்கு நேரில் செல்லவேண்டும். அவர்கள் பதிவுகளை ஆராய்ந்து, விமானம் ஏறுவதற்கான அனுமதியைத் தருவார்கள். புதிய அட்டைக்கு, அங்கே சென்றபின் ஐ-90 என்னும் விண்ணப்பம் அளிக்கலாம். நம் இளைஞரின் கடவுச்சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது. அட்டையின் நகலை அவருடைய அன்னையார் பெட்டியில் வைத்திருந்தார். சில வாரங்களில் அவர் திரும்பிச் சென்றார்.

ஏட்டிலே பெயர் இருந்ததால் அவர் பிழைத்தார். ஏட்டிலும் பெயர் இல்லாதவர் கதி என்ன? இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் அவருடைய தந்தையுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த நம் தமிழரில் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் அவர்களில் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஒரு துண்டுக் காகிதத்திற்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது!

தொலைந்த அட்டையை மீண்டும் பெறலாம். பதியாத பிறப்பை நிலைநாட்டுவதோ அரிது. ஆகவே நண்பர்களே, உங்கள் சான்றுகளின் எண்களை இன்றே குறித்துவையுங்கள். நகல்களை வேறோர் இடத்தில் காத்துவையுங்கள்.